கை தெரிந்தால் போதும்: பொழுதுபோக்கு வீடியோ பற்றி ஒரு விமர்சனம்

"யூடியூப் சேனல் ஆரம்பிப்பது எப்படி" என்று தமிழில் தேடினால் வரும் வீடியோக்களை வரிசையாக உட்கார்ந்து பார்த்தேன். ஒரு பத்துப் பதினைந்து இருக்கும். பேசும் ஆள் மாறுகிறார், பின்னால் எரியும் விளக்கின் நிறம் மாறுகிறது, சொல்லும் விஷயம் மட்டும் மாறவில்லை. முதல் 15 நொடியில் ஆளைப் பிடித்து உட்கார வை. முகத்தைக் காட்டு. வாரம் 2 வீடியோ போடு. தம்ப்நெயிலில் வாயைப் பிளந்து நில். 8 நிமிடத்துக்குக் குறையாதே. நடுவில் ஒருமுறை, கடைசியில் ஒருமுறை சப்ஸ்கிரைப் பண்ணச் சொல்.

இதெல்லாம் தப்பு என்று சொல்ல வரவில்லை. சேனல் நடத்திச் சம்பாதிக்க நினைப்பவருக்கு இவை சரியாகவே இருக்கலாம். என் கேள்வி வேற. மொட்டை மாடியில் தோட்டம் போடுகிறவர், பழைய வால்வு ரேடியோவைப் பிரித்து மேய்கிறவர், லீவு நாளில் ஊர் ஊராகப் போய் நடுகல் பார்க்கிறவர், இவர்கள் தங்கள் பொழுதுபோக்கைப் படம் பிடித்து நாலு பேருக்குக் காட்ட நினைத்தால் இந்த அறிவுரை உதவுமா? உதவாது, பல சமயம் கெடுக்கும் என்பது என் கட்சி. ஏன் என்று கொஞ்சம் விரிவாகப் பார்ப்போம்.

விதிகள் எங்கிருந்து வந்தன

யூடியூப்பில் ஏறிய முதல் வீடியோவின் தேதி 2005 ஏப்ரல் 23. நிறுவனத்தைத் தொடங்கிய மூவரில் ஒருவரான ஜாவேத் கரீம், சான் டியாகோ விலங்குக் காட்சிசாலையில் யானைகளுக்கு முன்னால் நின்றுகொண்டு அவற்றின் தும்பிக்கை எவ்வளவு நீளம் பாருங்கள் என்கிற மாதிரி பேசுகிறார். 19 நொடி, அவ்ளோதான். அதில் பார்ப்பவரைப் பிடித்து வைக்கும் தந்திரம் எதுவும் இல்லை. காட்ட ஒரு பொருள் இருந்தது, காட்டினார், போய்விட்டார்.

அப்புறம் வந்தவை எல்லாம் தளத்தின் கணக்குகள். 2012 வரை ஒரு வீடியோவை எத்தனை பேர் சொடுக்கினார்கள் என்பதற்குப் பெரிய மதிப்பு. தலைப்பில் ஒன்றைச் சொல்லி உள்ளே வேறொன்றைக் காட்டும் ஏமாற்று பெருகியதால், எவ்வளவு நேரம் பார்த்தார்கள் என்பதை வைத்துப் பரிந்துரைக்கத் தொடங்கினார்கள். மாற்றத்துக்கான காரணம் நியாயமானதுதான். ஆனால் விளைவு என்ன? 3 நிமிடத்தில் முடியும் வேலையை 9 நிமிடமாக இழுக்கும் பழக்கம்.

2018 ஜனவரியில் விளம்பர வருமானம் பெறுவதற்கான தகுதியை உயர்த்தினார்கள். 1000 சந்தாதாரர்கள், கடந்த 12 மாதங்களில் 4000 மணி நேரப் பார்வை. கணக்குப் போட்டுப் பாருங்கள்: 4000 மணி என்பது 2,40,000 நிமிடம். ஒருவர் சராசரியாக 4 நிமிடம் பார்த்தால் 60,000 பார்வை வேண்டும். புதிதாக ஆரம்பிப்பவருக்கு இது சின்ன மலை இல்லை. அதனால்தான் "சப்ஸ்கிரைப் பண்ணுங்க" என்பது கெஞ்சலாகவே மாறிப்போனது. 2020 ஜூலையில் இன்னொன்று. வீடியோவின் நடுவே விளம்பரம் வைக்க அதுவரை 10 நிமிட நீளம் தேவைப்பட்டது, அதை 8 ஆக்கினார்கள். "8 நிமிடத்துக்குக் குறையாதே" என்று குருமார்கள் சொல்வதன் மூலம் இதுதான். கற்பிப்பதற்கு உகந்த நேரம் 8 நிமிடம் என்று யாரும் ஆராய்ந்து சொன்னதில்லை.

2023ல் 500 சந்தாதாரர், 3000 மணி நேரம் என்று ஒரு கீழ்ப்படியைச் சேர்த்தார்கள். ஆனால் அந்தப் படியில் பார்வையாளர் நேரடியாகக் கொடுக்கும் பணம் போன்ற சில வசதிகள்தான் கிடைக்கும். விளம்பரப் பங்குக்குப் பழைய 1000 அப்படியே இருக்கிறது.

நான் மென்பொருள் வேலை பார்ப்பவன். ஒரு நிரலில் காரணம் புரியாத ஒரு எண் இருந்தால் அது எங்கிருந்து வந்தது என்று தேடுவது தொழில் புத்தி. இந்த அறிவுரைகளை அப்படித் தேடிப் போனால் ஒவ்வொன்றும் தளத்தின் வருமான விதி ஒன்றில் போய் முட்டுகிறது. பார்ப்பவருக்கு என்ன புரிந்தது என்ற கேள்வியில் முட்டுவது ஒன்றுகூட இல்லை.

போதாக்குறைக்கு 2021 நவம்பரில் "பிடிக்கவில்லை" எண்ணிக்கையைப் பொதுப் பார்வையிலிருந்து மறைத்தார்கள். சின்ன சேனல்களைக் கூட்டமாகச் சேர்ந்து தாக்குவதைத் தடுக்க என்று காரணம் சொன்னார்கள். அது உண்மையான பிரச்சினைதான். ஆனால் குழாய் மாட்டுவது, செடி ஒட்டுவது மாதிரி செய்முறை வீடியோக்களில் அந்த எண் ஒரு எச்சரிக்கைப் பலகை. சொல்வது தப்பு என்றால் பார்த்தவுடன் தெரியும். இப்போது கருத்துப் பெட்டியில் கீழே கீழே போய்த்தான் தேட வேண்டியிருக்கிறது.

பேசாத மனிதர்

இந்த விதிகளில் பெரும்பாலானவற்றை மீறியும் கோடி பேரைச் சேர்த்த ஒருவரை எடுத்துக்கொள்வோம். ஆஸ்திரேலியாவின் குயின்ஸ்லாந்து மாநிலத்தின் வடகோடியில் இருப்பவர் ஜான் பிளான்ட். சேனலின் பெயர் "பிரிமிட்டிவ் டெக்னாலஜி". 2015 மே மாதம் முதல் வீடியோ: தடிகளை நட்டு, விளாரால் பின்னி, மண் அப்பி ஒரு குடிசை கட்டுகிறார். உலோகக் கருவி கிடையாது. கல் கோடரியைத் தானே செய்கிறார், தீயைத் தானே கடைகிறார். அரைக்கால் சட்டை ஒன்றுதான் நவீனப் பொருள்.

முக்கியமான விஷயம், அவர் பேசுவதில்லை. பின்னணி இசையும் இல்லை. கல் உரசும் சத்தம், தண்ணீர் ஊற்றும் சத்தம், பறவைச் சத்தம். பலரும் இதைத் "தியானம் மாதிரி இருக்கு" என்று பாராட்டுவார்கள். எனக்கு அந்தப் பாராட்டு பாதிதான் சரி என்று படுகிறது. அமைதியாக இருப்பதால் மட்டும் அந்த வீடியோக்கள் நன்றாக இல்லை. அவை கட்டப்பட்ட விதம் கூர்மையானது.

ஒரு காட்சிக்கு ஒரு செயல். களிமண்ணை எடுப்பது ஒரு காட்சி, மிதிப்பது ஒரு காட்சி, அச்சில் அமுக்குவது ஒரு காட்சி. கேமரா ஒரே இடத்தில் நிற்கிறது. கை எங்கே வேலை செய்கிறதோ அது சட்டத்தின் நடுவில் இருக்கிறது. ஒரே செயல் 200 தடவை நடக்கும்போது முதல் தடவையை முழுதாகக் காட்டிவிட்டு, மீதியைக் குவியலாகக் காட்டுகிறார். ஓட்டுக் கூரை வீடு கட்டும் வீடியோவை (அதுவும் 2015தான்) பாருங்கள். மூன்று மாதத்துக்கும் மேலான வேலை கால் மணி நேரத்தில் அடங்குகிறது, ஆனால் எந்தப் படியும் விட்டுப்போன உணர்வு வருவதில்லை.

அப்போ விளக்கம் எங்கே? இங்கேதான் பலர் கவனிக்காத ஒன்று இருக்கிறது. சப்டைட்டிலை இயக்கினால் அவர் எழுதிய விளக்கம் வரும். எந்த மண், எதற்காகச் சாம்பல், எவ்வளவு நேரம் சூளை எரிந்தது எல்லாம் அதில் இருக்கும். வீடியோவின் கீழேயும் நீளமாக எழுதியிருப்பார். பல பேர் வருடக்கணக்கில் பார்த்துவிட்டு, "அட, இதுல சப்டைட்டில் இருக்கா" என்று வியந்து எழுதியிருக்கிறார்கள். நிரல் எழுதுபவர்களுக்கு இது பழகிய அமைப்பு. நிரல் தானாக ஓட வேண்டும், குறிப்புரை தனியாக இருக்க வேண்டும், வேண்டுபவர் படித்துக்கொள்ளலாம். நம்ம ஆட்கள் பலர் செய்வது குறிப்புரையை மட்டும் எழுதி நிரலை விட்டுவிடுவது.

தோல்வியையும் காட்டுகிறார். முதல் குடிசையில் இலையால் வேய்ந்த கூரை தாக்குப்பிடிக்காமல் மரப்பட்டைக் கூரைக்கு மாற வேண்டியிருந்தது. 2016ல் ஒரு காற்றூதி செய்து உலை மூட்டினார். ஓடைக் கரையில் ஆரஞ்சு நிறத்தில் படியும் கசடு இருக்கிறதே, இரும்பைச் சார்ந்து வாழும் பாக்டீரியாவால் உண்டாவது, அதைக் கரித்தூளோடும் சாம்பலோடும் பிசைந்து உலையில் இட்டார். கிடைத்தது மணி மணியாகக் கொஞ்சம் இரும்பு. கத்தி செய்யப் போதாது. அதை மறைக்காமல் உள்ளங்கையில் வைத்துக் காட்டிவிட்டு வீடியோவை முடித்தார். பல வருட முயற்சிக்குப் பிறகே அந்த வழியில் ஒரு சின்னக் கத்தி வந்தது. நம் ஊர்க் கொல்லருலையின் துருத்தி தோலைச் சுருக்கி விரித்துக் காற்றைத் தள்ளும். அவருடையது விசிறியைச் சுழற்றித் தள்ளும். இரண்டும் எப்படி வித்தியாசம் என்பது வீடியோவைப் பார்த்தவுடன் தெரிகிறது. ஒரு வார்த்தை பேசாமலே.

குறையும் உண்டு

விமர்சனம் என்று தலைப்புப் போட்டுவிட்டு பாராட்டு மட்டும் எழுதினால் சரியாக இருக்காது. எனக்கு அந்த சேனலோடு இரண்டு வழக்கு இருக்கிறது.

ஒன்று, இடமும் காலமும் இல்லாத "ஆதி". அவர் காட்டும் ஓடு, இரும்பு எல்லாம் அந்த மண்ணின் பூர்வகுடிகள் பயன்படுத்தியவை அல்ல. ஐரோப்பியர் வருவதற்கு முன் ஆஸ்திரேலியாவில் இரும்பு உருக்கவில்லை. பானை விஷயம் இன்னும் சுவாரஸ்யம். அங்கே பழங்குடிகள் மட்பாண்டமே செய்ததில்லை என்பதுதான் நீண்ட நாள் கருத்து. 2024ல் வெளியான ஓர் ஆய்வு, குயின்ஸ்லாந்துக் கரைக்கு அப்பால் இருக்கும் ஜிகுரு என்கிற லிசார்ட் தீவில் கிடைத்த ஓட்டுச் சில்லுகள் 1800 முதல் 3000 ஆண்டுகள் வரை பழையவை என்றும், உள்ளூர் மண்ணிலேயே செய்தவை என்றும் காட்டியது. இப்படி ஒரு வரலாறு பக்கத்திலேயே இருக்கும்போது, உலகத்தின் பல மூலைகளில் பல காலங்களில் தோன்றிய நுட்பங்களை ஒரே காட்டில், ஒரே ஆளின் கையில் வைத்து "ஆதித் தொழில்நுட்பம்" என்று பெயர் சூட்டும்போது, எது யாருடைய அறிவு என்பது மங்கிவிடுகிறது. அவர் யாரையும் ஏமாற்றவில்லை. தான் காட்டில் வாழவில்லை, நவீன வீட்டில்தான் இருக்கிறேன், இது பொழுதுபோக்கு என்று தெளிவாகவே எழுதியிருக்கிறார். ஆனால் படத்தில் அது இல்லை. எழுத்தைப் படிக்காதவருக்குக் கிடைப்பது ஒரு கனவு.

இரண்டு, அந்தக் கனவுதான் சந்தைக்குப் போனது. பேச்சில்லாத வீடியோவுக்கு மொழி எல்லை இல்லை என்பதைக் கண்டுகொண்டு தென்கிழக்கு ஆசியாவில் எடுத்த நகல் சேனல்கள் குவிந்தன. இரண்டு இளைஞர்கள் மூங்கில் குச்சியால் தோண்டி நிலத்துக்கு அடியில் நீச்சல் குளமும் மாளிகையும் கட்டுவார்கள். மண்வெட்டும் இயந்திரம் போன தடம், சிமென்ட் பூச்சு, படப்பிடிப்புக்குப் பிறகு பாழாகக் கிடக்கும் குழிகள் என்று மற்றவர்கள் தோண்டி எடுத்துக் காட்டினார்கள். பிளான்ட் செய்ததன் வெளித்தோற்றம் அத்தனையும் அதில் இருந்தது: பேச்சில்லை, சட்டை இல்லை, காட்டுச் சத்தம். இல்லாதது ஒன்றுதான், செயலின் தொடர்ச்சி. ஒரு காட்சியில் முழங்கால் ஆழக் குழி, அடுத்த காட்சியில் ஆள் உயரம். நடுவில் மண் எங்கே போனது? இந்தக் கேள்வியைக் கேட்கப் பழகிவிட்டால் எந்தப் போலியையும் 2 நிமிடத்தில் பிடித்துவிடலாம்.

பெயர் சொல்லிப் போடும் மிளகாய்

"அப்போ பேசவே கூடாதா?" என்று கேட்பீர்கள். அப்படி இல்லீங்க. நம் பக்கத்திலேயே நல்ல மறுமொழி இருக்கிறது.

புதுக்கோட்டை மாவட்டம் சின்னவீரமங்கலத்திலிருந்து 2018ல் தொடங்கிய வில்லேஜ் குக்கிங் சேனலை உங்களில் பெரும்பாலோர் பார்த்திருப்பீர்கள். ஒரு தாத்தாவும் பேரன்களும் திறந்தவெளியில் அண்டா வைத்துச் சமைக்கும் சேனல். 2021ல் 1 கோடி சந்தாதாரர்களைத் தொட்ட முதல் தமிழ் சேனல் அது. அங்கே பேச்சு எப்படி வருகிறது என்று கவனியுங்கள். மஞ்சள் தூள் போடும்போது "மஞ்சள் தூள்" என்று ஓங்கிக் குரல் கொடுக்கிறார்கள். வெங்காயம் விழும்போது "வெங்காயம்". பொருளும் கையும் சொல்லும் ஒரே நொடியில் வருகின்றன. தமிழ் தெரியாதவர் நாலு வீடியோ பார்த்தால் நாலு சாமான் பெயரைக் கற்றுக்கொண்டுவிடுவார். சந்தையில் ஏலம் கூவுகிற, களத்தில் மரக்கால் அளந்து எண்ணுகிற குரல் மாதிரி, வேலையோடு ஒட்டி வரும் பேச்சு அது.

என் பார்வையில் குறை, அளவு. நூறு பேருக்கான அண்டாவிலிருந்து நாலு பேர் வீட்டுக்கான அளவை எடுக்க முடியாது. அது சமையல் கற்றுத்தருவதை விட விருந்தைக் காட்டும் சேனல் என்று புரிந்துகொண்டால் இந்தக் குறை பெரிதாகத் தெரியாது.

ஆக, பேசுவதா பேசாமல் இருப்பதா என்பது இரண்டாவது கேள்வி. பேச்சு கையோடு சேர்ந்து வருகிறதா, கைக்குப் பதிலாக வருகிறதா என்பதுதான் முதல் கேள்வி.

எனக்கு ஏன் இவ்வளவு அக்கறை

இனி சொந்த விஷயம். ஏரிகளின் பழைய மதகுகளைப் பற்றிச் சில ஆண்டுகளாகக் குறிப்பு எடுத்து வருகிறேன். அதில் குமிழித்தூம்பு என்ற அமைப்பு உண்டு. கரையிலிருந்து தள்ளி, ஏரிக்குள்ளே இரண்டு கல்தூண்கள் நிற்கும். அவற்றுக்கு இடையே குறுக்குப் பலகைக் கற்கள். அடியில் ஒரு கல்தொட்டி. தொட்டியின் மேல்மூடியில் ஒரு துளை, அது நீரோடித்துளை. அதைத் தூம்புக்கல்லால் அடைத்திருப்பார்கள். கல்லைத் தூக்கினால் தண்ணீர் தொட்டிக்குள் இறங்கி, கரைக்கு அடியில் போகும் சுருங்கை வழியாக வயல் வாய்க்காலுக்குப் போகும். தரைமட்டத்தில் சிறிய துளைகள், சேறோடித்துளை என்பார்கள். அவை அடியில் தங்கும் வண்டலையும் சேர்த்து இழுத்துக்கொண்டு போகும்.

இதைப் பற்றித் தமிழில் வீடியோக்கள் நிறைய வந்துவிட்டன. நல்ல விஷயம். ஆனால் அவற்றில் பெரும்பாலானவை எப்படி இருக்கின்றன? ட்ரோன் ஒருமுறை தூணைச் சுற்றி வருகிறது. பெருமுழக்கமாக ஒரு இசை. "உலகமே வியக்கும் தமிழனின் அறிவு" என்று ஒரு குரல். உயிரைக் கொடுத்து மதகைத் திறந்தவர்களைப் பற்றி ஒரு உருக்கமான கதை. 9 நிமிடம் ஓடுகிறது. முடிந்த பிறகு கேட்டுப் பாருங்கள்: தூம்புக்கல் எந்தப் பக்கம் சரிவாக இருக்கும்? எவ்வளவு கனம்? தண்ணீரின் அழுத்தத்துக்கு எதிராக அதை எப்படித் தூக்கினார்கள்? சேறோடித்துளை எத்தனை விரல்கடை அகலம்? ஒன்றுக்கும் பதில் இருக்காது. துளையைக் கிட்டத்தில் காட்டும் காட்சிகூட இருக்காது.

பல ஏரிகளில் இந்தத் தூம்புகளுக்குப் பதிலாகத் திருகுக் கம்பி வைத்த இரும்புக் கதவு வந்து ரொம்ப நாளாகிவிட்டது. தூம்பு வேலை செய்ததைக் கண்ணால் பார்த்தவர்கள், ஏரிக்கரையில் நீர்க்கட்டியாக இருந்தவர்கள், வயதானவர்கள். அவர் கையால் சைகை காட்டி, "இப்படிப் புடிச்சு, இந்தப் பக்கம் சாய்ச்சுத் தூக்கணும் தம்பி" என்று சொல்வதைப் புத்தகத்தில் எழுத முடியாது. எழுதினாலும் பாதிதான் வரும். வீடியோ என்ற கருவி அதற்காகவே வந்த மாதிரி இருக்கிறது. கை அசைவைப் பத்திரப்படுத்த இவ்வளவு மலிவான வழி முன்பு எந்தத் தலைமுறைக்கும் கிடைத்ததில்லை. அந்தக் கருவியைப் பையில் வைத்துக்கொண்டு, அந்தப் பெரியவரை ஓரமாக நிற்கவைத்துவிட்டு, நாம் முன்னால் நின்று பெருமை பேசிக்கொண்டிருக்கிறோம். அவர் போன பிறகு பெருமை மட்டும்தான் மிஞ்சும், செய்முறை மிஞ்சாது. எனக்கு இருக்கும் ஆதங்கம் இதுதான்.

அதனால் நான் ஒரே ஒரு சோதனையை வைத்திருக்கிறேன். வீடியோவைப் பார்த்து முடித்த ஒருவர், கருவியும் பொருளும் கையில் இருந்தால், அதைச் செய்து பார்க்க முடியுமா? செய்ய முடியாத விஷயம் என்றால், நேரில் போய் நின்றால் சரிபார்க்க முடியுமா? முடியும் என்றால் 40 பேர் பார்த்த வீடியோவும் வெற்றி. முடியாது என்றால் 4 லட்சம் பேர் பார்த்ததும் பொழுதுபோக்குதான், பொழுதுபோக்கைப் பற்றிய வீடியோ அல்ல.

ஆரம்பிக்க நினைப்பவருக்கு

குறை சொல்லிவிட்டு ஓடிவிடக் கூடாது அல்லவா. மேலே சொன்ன சோதனையிலிருந்து இறங்கி வரும் சில நடைமுறைகளைச் சொல்கிறேன். செலவு அதிகம் இல்லாதவை.

கையில் இருக்கும் போன் போதும். முதல் பணத்தைக் கேமராவில் போடாதீர்கள், போனை அசையாமல் பிடிக்கும் ட்ரைபாட் ஒன்று வாங்குங்கள். வேலை செய்யும் கைக்கு நேரே, கொஞ்சம் மேலிருந்து பார்க்கும்படி வையுங்கள். திரையில் அழுத்திப் பிடித்தால் பல போன்களில் ஃபோகஸும் வெளிச்சமும் பூட்டிக்கொள்ளும். இல்லையென்றால் கை குறுக்கே வரும்போதெல்லாம் படம் இருண்டு வெளுக்கும்.

ஜன்னல் வெளிச்சம்தான் நல்லது. டியூப்லைட் அல்லது மலிவான எல்இடி விளக்கில் எடுத்தால் படத்தில் பட்டை பட்டையாக அலை ஓடுவதைப் பார்த்திருப்பீர்கள். நம் மின்சாரம் 50 ஹெர்ட்ஸ், விளக்கு நொடிக்கு 100 முறை மங்கித் தெளிகிறது. போன் பெரும்பாலும் நொடிக்கு 30 படம் எடுக்கிறது. இரண்டும் ஒத்துப்போவதில்லை. போனில் மேனுவல் முறை இருந்தால் ஷட்டரை 1/50 அல்லது 1/100 என்று வையுங்கள், அலை போய்விடும்.

படம் சுமாராக இருந்தால் பார்ப்பவர் பொறுத்துக்கொள்வார், சத்தம் மோசமாக இருந்தால் போய்விடுவார். ஆறு அடி தள்ளி இருக்கும் போன் உங்கள் குரலை விட மின்விசிறியை நன்றாகப் பதிவு செய்யும். வீட்டில் இருக்கும் இன்னொரு பழைய போனில் ஒலிப்பதிவை ஓடவிட்டுச் சட்டைப் பையில் போட்டுக்கொள்ளுங்கள். ஆரம்பத்தில் ஒருமுறை கை தட்டினால், எடிட் செய்யும்போது அந்தத் தட்டலை வைத்து இரண்டையும் பொருத்திவிடலாம். ஒரே மூச்சில் அரை மணி நேரம் எடுக்க வேண்டாம். போன்கள் படங்களைச் சீரான இடைவெளியில் எடுப்பதில்லை, அதனால் நேரம் போகப் போகக் குரலும் உதடும் விலகும். 3 நிமிடத் துண்டுகளாக எடுத்தால் பிரச்சினை இல்லை.

எண் சொல்லுங்கள். "கொஞ்சம் தண்ணி" வேண்டாம், "அரை லிட்டர்" என்று சொல்லுங்கள். கல்வெட்டோ மதகோ என்றால் பக்கத்தில் ஒரு அளவுகோலை வைத்து எடுங்கள். தேதி, ஊர், எந்தத் திசையிலிருந்து எடுத்தது எல்லாம் கீழே எழுதுங்கள். இன்னொருவர் கண்டுபிடித்ததைச் சொன்னால் அவர் பெயரைச் சொல்லுங்கள். சரியாக வராத முயற்சியை வெட்டி எறியாதீர்கள். பார்ப்பவரும் அதே இடத்தில்தான் தடுக்கி விழப்போகிறார்.

பெரியவர் ஒருவரைப் படம் எடுக்கிறீர்கள் என்றால் முதலில் அனுமதி, அப்புறம் கேமரா. இதை எங்கே போடப்போகிறோம், யார் யார் பார்ப்பார்கள் என்று சொல்லிவிட்டு எடுங்கள். அவர் பேசும்போது குறுக்கே பேசாதீர்கள். அவர் சொல்லும் சொல்லைத் திருத்தாதீர்கள். ஏட்டில் இருப்பது வேறாக இருந்தால் அதைக் கீழே குறிப்பாக எழுதலாம், அவர் வாயில் திணிக்க வேண்டாம்.

சப்டைட்டில் நீங்களே எழுதுங்கள். பார்வையாளர்களே எழுதிச் சேர்க்கும் வசதி முன்பு இருந்தது, 2020 செப்டம்பரில் யூடியூப் அதை நிறுத்திவிட்டது. சிரமமான வேலைதான். ஆனால் ஒரு வீடியோவைத் தேடக்கூடிய, மேற்கோள் காட்டக்கூடிய ஆவணமாக மாற்றுவது அந்த எழுத்துதான். மூலக் கோப்பை ஒரு ஹார்ட் டிஸ்கில் தனியாக வைத்துக்கொள்ளுங்கள். தளம் நம் களஞ்சியம் கிடையாது, நாளைக்கு அதன் விதிகள் மாறலாம்.

நீளம்? வேலை எவ்வளவு நேரமோ அவ்வளவு. தூம்புக்கல்லின் துளையைக் காட்ட 40 நொடி போதும் என்றால் 40 நொடி வீடியோ போடுங்கள். வாரம் 2 போட வேண்டும் என்று யாருக்கும் நீங்கள் எழுதிக்கொடுக்கவில்லை. பிளான்டின் வீடியோக்களுக்கு நடுவே மாதக்கணக்கில் இடைவெளி விழுந்த காலம் உண்டு. பார்ப்பவர்கள் காத்திருந்தார்கள்.

கடைசியாக ஒரு வேண்டுகோள். உங்கள் ஊர்ப் பக்கம் குமிழித்தூம்பைத் திறந்து மூடியவர், பார்த்தவர் யாராவது இருந்தால், இந்தப் பதிவைப் படித்ததும் சேனல் எதுவும் ஆரம்பிக்க வேண்டாம். அடுத்த ஞாயிற்றுக்கிழமை போய் அவரோடு உட்காருங்கள். போனை ட்ரைபாடில் வைத்து, அவர் கை தெரிகிற மாதிரி நிறுத்திவிட்டு, "எப்படித் தூக்குவீங்க ஐயா" என்று மட்டும் கேளுங்கள். எடுத்ததை எங்கே போடுவது என்று பிறகு யோசிக்கலாம்.